சிறுமியர் சாஃப்ட்பால்: களத்துக்குக் களம் மாறும் விதிகள் – சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறந்ததும் ஊர்ப் பூங்காக்களில் சிறுமியருக்கான சாஃப்ட்பால் ஆட்டங்கள் களைகட்டிவிடும். கூடவே ஒவ்வோர் ஆண்டும் அதே வாக்குவாதங்களும் கிளம்பும். மூன்றாவது ஸ்டிரைக்கில் ஆட்டமிழந்திருக்க வேண்டிய சிறுமி ஓடியது ஏன், தரையில் விழுந்த பந்துக்கு நடுவர் அவுட் கொடுத்தது ஏன், போன வாரம் செல்லுபடியானது இந்த வாரம் செல்லாமல் போனது ஏன் என்று பெற்றோர் கேட்கின்றனர். பல நேரங்களில் குழப்பத்துக்குக் காரணம் நடுவரின் பிழை அல்ல. ஒரே விளையாட்டுக்குப் பல விதிப் புத்தகங்கள் நடைமுறையில் இருப்பதுதான். ஆட்டத்துக்கு முன்பே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சந்தேகம், நடுவில் வெடிக்கும்போது பத்து வயதுச் சிறுமியின் கண்ணெதிரே பெரியவர்களின் சண்டையாகிவிடுகிறது. பரவலாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அடிப்படைத் தகவல்கள்

சாஃப்ட்பால் என்பது என்ன?

பேஸ்பாலின் கிளையாக வளர்ந்த விளையாட்டு இது. அணிக்கு 9 பேர் களத்தில் நிற்பர். பந்தை எறிபவர் பிட்சர், மட்டையால் அடிப்பவர் பேட்டர், அவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். பந்தைத் தடுத்துப் பிடிப்பவர்கள் பீல்டர்கள், பேஸ்களில் ஓடுபவர் ரன்னர். பேட்டர் மட்டையை வீசித் தவறவிட்டாலோ, எல்லைக்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலோ அது ஸ்டிரைக்; அடிக்க முயலாத பந்து எல்லைக்கு வெளியே சென்றால் ‘பால்’. பந்தை அடித்த பின் முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களை வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். எதிரணி 3 பேரை அவுட்டாக்கியதும் அடிக்கும் முறை கைமாறும். இரு அணிகளும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்.

பேஸ்பாலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாஃப்ட்பாலில் பந்தைக் கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழிருந்து எறிய வேண்டும். பந்து பெரியது, களம் சிறியது, எறியும் தூரமும் குறைவு. பிட்சர் பந்தை விடுவிக்கும் முன் பேஸை விட்டு நகர ரன்னருக்கு அனுமதி இல்லை என்பது மற்றொரு முக்கிய வேறுபாடு.

பெயரில் ‘சாஃப்ட்’ இருப்பதால் பந்து மென்மையானதா?

இல்லை. 1887ஆம் ஆண்டு சிகாகோவில் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் உள்ளரங்கில் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகப் பயன்படுத்தினர். அது மென்மையாக இருந்தது. ‘சாஃப்ட்பால்’ என்ற பெயர் 1926இல் முன்மொழியப்பட்டது. இன்றைய போட்டிப் பந்து கடினமானது. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.

விதிகளை வகுப்பது யார்?

சிறுமியர் சாஃப்ட்பாலுக்கு ஒரே தலைமை கிடையாது. 1933இல் அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கமாகத் தொடங்கப்பட்டு, 2017 முதல் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் என்ற பெயரில் இயங்கும் தேசிய அமைப்புக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. 1974 முதல் சாஃப்ட்பாலையும் நடத்தும் லிட்டில் லீக், உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பு, கல்லூரிகளுக்கான என்சிஏஏ ஆகியவை தனித்தனிப் புத்தகங்களை வெளியிடுகின்றன. வார இறுதிப் போட்டிகளை நடத்தும் வேறு அமைப்புகளும் தங்களுக்கென விதிகளை வைத்துள்ளன.

ஒரே சிறுமிக்கு வெவ்வேறு விதிகள் பொருந்துமா?

பொருந்தும். ஒரு சிறுமி செவ்வாய்க்கிழமை ஊர் லீக் அணியிலும், வெள்ளிக்கிழமை பள்ளி அணியிலும், வார இறுதியில் வெளியூர் செல்லும் கிளப் அணியிலும் ஆடினால், மூன்று புத்தகங்களின் கீழ் ஆட நேரிடலாம். எந்தப் போட்டியோ அதை நடத்தும் அமைப்பின் விதியே அன்றைக்குச் செல்லும். மற்றொரு போட்டியில் நடந்ததை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

ஊர் லீக் தன் விருப்பப்படி விதியை மாற்ற முடியுமா?

தாய் அமைப்பு அனுமதித்துள்ள இடங்களில் மாற்றலாம். நேர வரம்பு, ஒரு இன்னிங்ஸில் எடுக்கக்கூடிய அதிகபட்ச ரன், பேஸ் திருடும் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடும்) எண்ணிக்கை போன்றவை பெரும்பாலும் உள்ளூர் விதிகளில் வருபவை. பாதுகாப்புக் கருவிகள் தொடர்பான விதிகளைத் தளர்த்த இடமில்லை.

வயதும் அளவுகளும்

10யு, 12யு என்பவை எதைக் குறிக்கின்றன?

அந்த வயதும் அதற்குக் கீழும் என்பதே பொருள். 12யு என்றால் 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர்கள்; 13 வயதுக்குட்பட்டோர் என்றும் கொள்ளலாம். 8யு, 10யு, 12யு, 14யு, 16யு, 18யு என்று பிரிவுகள் உண்டு. லிட்டில் லீக்கில் வயதுப் பிரிவுகள் மைனர், மேஜர், ஜூனியர், சீனியர் என்ற பெயர்களில் வருகின்றன.

வயதை எந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்?

பதிவு செய்யும் நாளைக் கொண்டு அல்ல. அமைப்பு அறிவிக்கும் தகுதித் தேதியைக் கொண்டு. அந்தத் தேதியில் சிறுமிக்கு என்ன வயதோ, அதுவே அந்தப் பருவம் முழுவதற்கும் வயது. நடுவில் பிறந்தநாள் வந்தாலும் பிரிவு மாறாது. தகுதித் தேதி அமைப்புக்கு அமைப்பு வேறுபடுவதால், ஓரிடத்தில் 12யு ஆடுபவர் வேறிடத்தில் 14யு ஆட நேரிடலாம்.

வயது குறைந்த சிறுமி மேல் பிரிவில் ஆடலாமா?

கிளப் போட்டிகளில் பொதுவாக ஆடலாம். வயது மீறியவர் கீழ்ப் பிரிவில் ஆடுவதற்குத்தான் தடை. ஊர் லீக்குகளில் மேல் பிரிவுக்குச் செல்ல லீக்கின் ஒப்புதல் தேவைப்படும். மேல் பிரிவில் பந்தின் அளவும் எறியும் தூரமும் மாறலாம் என்பதைக் கருத்தில் கொள்வது அவசியம்.

பந்தின் அளவு வயதுக்கேற்ப மாறுமா?

மாறும். 10யு பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தும், 12யு முதல் மேற்பட்ட பிரிவுகளில் 12 அங்குலப் பந்தும் பயன்படுத்தப்படுகின்றன. சென்டிமீட்டரில் இவை முறையே சுமார் 28, 30.5. 12 அங்குலப் பந்தின் எடை 6.25 முதல் 7 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 177 முதல் 198 கிராம் வரை இருக்கும்.

பிட்சர் எவ்வளவு தூரத்தில் இருந்து எறிய வேண்டும்?

யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதிப்படி 10யு பிரிவில் 35 அடி, 12யு பிரிவில் 40 அடி, 14யு முதல் 43 அடி. மீட்டரில் இவை 10.67, 12.19, 13.11. பேஸ்களுக்கு இடையிலான தூரம் இந்தப் பிரிவுகளில் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். 12யு பிரிவில் இருந்து 14யு பிரிவுக்கு மாறும் சிறுமி திடீரெனக் குறி தவறுவதற்கு இந்த 3 அடி வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த மட்டையும் பயன்படுத்தலாமா?

கூடாது. மட்டையின் நீளம் 34 அங்குலத்தையும் விட்டம் 2.25 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்பது யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதி. அத்துடன் அமைப்பின் சான்று முத்திரையும் இருக்க வேண்டும். விரிசல், நெளிவு உள்ள மட்டையை நடுவர் ஆட்டத்துக்கு முன்பே விலக்கிவிடலாம். ஓர் அமைப்பின் சான்று மற்றொன்றில் செல்லாமல் போகலாம் என்பதால், விலை கொடுத்து வாங்கும் முன் இதை உறுதி செய்வது நல்லது.

பிட்சர் தொடர்பான சந்தேகங்கள்

முறையான எறிதலுக்கு என்ன நிபந்தனைகள்?

பிட்சர் எறிதட்டின் மீது நின்று, இரு கைகளையும் சேர்த்துக் குறைந்தது 1 விநாடி, அதிகபட்சம் 10 விநாடி வைத்திருக்க வேண்டும் என்பது யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதி. பின்னர் கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழே பந்தை விடுவிக்க வேண்டும். கைகள் சேராமலேயே எறிவதும், சேர்த்த கைகளைப் பிரித்து மீண்டும் சேர்ப்பதும் விதிமீறல்.

விதிமீறிய எறிதலுக்குத் தண்டனை என்ன?

நடுவர் அதை அறிவித்ததும் பேட்டரின் கணக்கில் ஒரு ‘பால்’ சேரும். நான்கு ‘பால்’ சேர்ந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து செல்வார். ரன்னர்களும் ஒரு பேஸ் முன்னேறலாம் என்ற பழைய தண்டனையைச் சில அமைப்புகள் நீக்கிவிட்டன. பேட்டர் அந்தப் பந்தை அடித்து நல்ல பலன் பெற்றிருந்தால், அந்தப் பலனையே ஏற்க அவரது அணிக்கு வாய்ப்பு உண்டு.

எறியும்போது இரு கால்களும் தரையை விட்டு எழலாமா?

பெண்கள் ஆட்டத்தில் நீண்ட காலம் இது விதிமீறலாக இருந்தது. 2024 பருவம் முதல் என்சிஏஏ இதை அனுமதித்தது. அதன் பிறகு மற்ற அமைப்புகளும் விதியைத் திருத்தத் தொடங்கின. காற்றில் எழுந்து இறங்கிய பின், தரையில் இருந்து மீண்டும் உந்தி எறிவதற்கான தடை தொடர்கிறது. கல்லூரி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ஊர் லீக்கிலும் அது செல்லும் என்று கருதுவதற்கில்லை.

ஒரு சிறுமி ஒரே நாளில் எத்தனை இன்னிங்ஸ் எறியலாம்?

லிட்டில் லீக்கின் மைனர், மேஜர் பிரிவுகளில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 இன்னிங்ஸ். 7 அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் எறிந்தால் மறுநாள் முழு ஓய்வு கட்டாயம். ஒரு இன்னிங்ஸில் ஒரே ஒரு பந்து எறிந்தாலும் அது முழு இன்னிங்ஸாகவே கணக்கிடப்படும். தாழ்த்தி எறிவதால் தோளுக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை தவறானது. வலி என்று சிறுமி சொன்னால், விதி இடம் கொடுத்தாலும் எறிய விடக் கூடாது.

பேட்டர் தொடர்பான சந்தேகங்கள்

மூன்றாவது ஸ்டிரைக்குக்குப் பிறகும் பேட்டர் ஓடலாமா?

சில நிபந்தனைகளுடன் ஓடலாம். பேட்டர் மட்டையை வீசித் தவறவிடுகிறார். பந்து கேட்சரின் கையுறை நுனியில் பட்டுப் புழுதியில் உருள்கிறது. அப்போது முதல் பேஸ் காலியாக இருந்தால், அல்லது ஏற்கெனவே 2 பேர் அவுட்டாகியிருந்தால், பேட்டர் முதல் பேஸை நோக்கி ஓடலாம். கேட்சர் அவரைப் பந்தால் தொடவோ, அவர் சேரும் முன் பந்தை முதல் பேஸுக்கு எறியவோ வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்பிக் கையுறைக்குள் சென்றாலும் அது பிடிக்கப்படாத பந்துதான்.

முதல் பேஸில் ரன்னர் இருந்தால்?

2 அவுட்டுக்குக் குறைவாக இருந்தால் பேட்டர் உடனே அவுட். பந்து நழுவினாலும் ஓட முடியாது. கேட்சர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு ஒரே மூச்சில் இருவரை அவுட்டாக்குவதைத் தடுப்பதே இதன் நோக்கம். 2 அவுட் ஆகியிருந்தால், முதல் பேஸில் ஆள் இருந்தாலும் பேட்டர் ஓடலாம்.

இந்த விதி எல்லா வயதினருக்கும் உண்டா?

இல்லை. லிட்டில் லீக்கின் மைனர் பிரிவில் மூன்றாவது ஸ்டிரைக்கோடு பேட்டர் அவுட். மேஜர் பிரிவு முதல்தான் ஓட அனுமதி. 8யு போன்ற தொடக்கப் பிரிவுகளிலும் பொதுவாக இது கிடையாது. பிரிவு மாறும் ஆண்டில் அதிகம் கேட்கப்படும் சந்தேகம் இது.

பிடிக்காத பந்துக்கு அவுட் கொடுப்பது எப்படிச் சரி?

அது ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ விதி. 2 அவுட்டுக்குக் குறைவாக இருந்து, முதல் மற்றும் இரண்டாவது பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் நிற்கும்போது, உள்வட்ட வீராங்கனை சாதாரண முயற்சியில் பிடித்துவிடக்கூடிய உயரப் பந்தை அடித்தால் பேட்டர் உடனே அவுட். பந்து பிடிபட்டதா, விழுந்ததா என்பது இதில் பொருட்டல்ல. தாழ்ந்து நேராகப் பாயும் பந்துக்கும், மெல்லத் தட்டிவிடும் ‘பன்ட்’ பந்துக்கும் இந்த விதி இல்லை.

இந்த விதியால் யாருக்குப் பயன்?

அடிக்கும் அணிக்கு. உயரப் பந்து பிடிபடும் என்று ரன்னர்கள் பேஸிலேயே காத்திருப்பார்கள்; அதை வேண்டுமென்றே கீழே விட்டால் எளிதில் இருவரை அவுட்டாக்கிவிடலாம். அந்தத் தந்திரத்துக்கு இடம் தராமல் பேட்டரை மட்டும் அவுட்டாக்குகிறது விதி. அதன் பிறகு ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயமில்லை. ஓடினால் பொறுப்பு அவர்களுடையது.

பேட்டர் கையில் பந்து பட்டால் அது மட்டையில் பட்டதாகுமா?

ஆகாது. கை மட்டையின் ஒரு பகுதி என்பது களத்தில் பரவியுள்ள தவறான நம்பிக்கை. கை உடலின் பகுதி. பேட்டர் மட்டையை வீசாதபோது, ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே வந்த பந்து கையில் பட்டால் முதல் பேஸ் வழங்கப்படும். மட்டையை வீசும்போது பட்டால் அது ஸ்டிரைக். பந்து எங்கு உருண்டு சென்றாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும்.

ஹோம் பிளேட்டில் பட்ட பந்து ஃபவுலா?

பிளேட்டில் பட்டதாலேயே அது ஃபவுல் (எல்லைக்கு வெளியே சென்ற பந்து) ஆகாது. ஹோம் பிளேட்டும் எல்லைக் கோடுகளும் களத்தின் உட்பகுதியைச் சேர்ந்தவை. பிளேட்டில் பட்ட பந்து அதன் பிறகு எங்கே நிற்கிறது, எங்கே தொடப்படுகிறது என்பதை வைத்தே நடுவர் முடிவு செய்வார்.

இரண்டு ஸ்டிரைக் ஆன பின் ஃபவுல் அடித்தால் அவுட்டா?

சாதாரண ஃபவுல் என்றால் இல்லை. கணக்கு 2 ஸ்டிரைக்கிலேயே நிற்கும். ‘பன்ட்’ செய்ய முயன்று ஃபவுல் ஆனால் அவுட். மட்டையின் விளிம்பில் உரசிய பந்து நேராகச் சென்று கேட்சரின் பிடியில் நின்றாலும் அது மூன்றாவது ஸ்டிரைக், அவுட்.

ரன்னர் தொடர்பான சந்தேகங்கள்

ரன்னர் எப்போது பேஸை விட்டு நகரலாம்?

யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதிப்படி, பிட்சரின் கையை விட்டுப் பந்து வெளியேறிய பிறகே நகரலாம். அதற்கு முன் கால் எடுத்தால் ரன்னர் அவுட். அந்த எறிதலும் கணக்கில் சேராது. கண் இமைக்கும் நேரத்தில் நடப்பது என்பதால் பார்வையாளர் இருக்கையில் இருந்து இதைத் துல்லியமாகக் காண்பது கடினம். பேஸையும் பிட்சரின் கையையும் சேர்த்துக் கவனிக்கும் கோணத்தில் நடுவர் நிற்பார்.

பந்து பிட்சர் கையில் இருக்கும்போது ரன்னர் அவுட்டானது ஏன்?

அது ‘லுக் பேக்’ விதி. எறிதட்டைச் சுற்றி 8 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் பிட்சர் பந்துடன் நின்றுவிட்டால், பேஸுக்கு வெளியே உள்ள ரன்னர் உடனே முன்னேறவோ திரும்பவோ வேண்டும். இரண்டும் செய்யாமல் நின்றாலும், ஒரு திசையில் ஓடத் தொடங்கி மனம் மாறினாலும் அவுட். பிட்சர் ரன்னரை நோக்கி எறியவோ எறிவதுபோல் கை ஓங்கவோ செய்தால் இந்தக் கட்டுப்பாடு விலகும்.

ரன்னரைத் தொட வேண்டியது எப்போது, பேஸைத் தொட்டால் போதுமானது எப்போது?

பின்னால் வரும் பேட்டருக்காக ரன்னர் இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால், அவர் சேர வேண்டிய பேஸைப் பந்துடன் தொட்டாலே அவர் அவுட். முதல் பேஸில் ஆளிருக்க, அடித்த பந்து தரையில் உருள்வது இதற்கு உதாரணம். கட்டாயம் இல்லாமல் தானாக ஓடும் ரன்னரைப் பந்தால் உடலில் தொட வேண்டும். பின்னால் வந்தவர் முதலில் அவுட்டாகிவிட்டால், முன்னால் ஓடுபவருக்கு இருந்த கட்டாயமும் நீங்கிவிடும்.

உயரப் பந்து பிடிபட்டால் ரன்னர் ஓடலாமா?

ஓடலாம். ஆனால் பீல்டர் பந்தைத் தொட்ட கணத்தில் அல்லது அதற்குப் பின் பேஸில் கால் பட்டிருக்க வேண்டும். பந்து கையில் உறுதியாக நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் தொடுகையே அளவுகோல். முன்கூட்டியே கிளம்பியவர் திரும்பி வராவிட்டால், எதிரணி முறையிட்டு அவுட் பெறலாம்.

ரன்னரும் பந்தும் ஒரே நேரத்தில் வந்தால் ரன்னருக்கே சாதகமா?

‘சமநிலை என்றால் ரன்னருக்கே’ என்று தனி விதி கிடையாது. பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் பந்து அங்கே சேர்ந்ததா என்பதே கேள்வி. எது முந்தியது என்று நடுவர் கண்டாரோ அதுவே முடிவு.

முதல் பேஸில் இரண்டு நிறப் பட்டைகள் ஏன்?

மோதலைத் தவிர்க்க. வெள்ளைப் பகுதி பீல்டருக்கு. ஃபவுல் பக்கம் உள்ள ஆரஞ்சுப் பகுதி ஓடிவரும் பேட்டருக்கு. முதல் ஓட்டம் முடிந்த பிறகு ரன்னர் வெள்ளைப் பகுதியையே பயன்படுத்த வேண்டும்.

முதல் பேஸைக் கடந்து ஓடியவர் இடப்பக்கம் திரும்பினால் அவுட்டா?

எந்தப் பக்கம் திரும்பினார் என்பது முக்கியமல்ல. இரண்டாவது பேஸை நோக்கிச் செல்ல முயன்றாரா என்பதையே நடுவர் பார்ப்பார். முயன்றிருந்தால், பந்தால் தொடப்படும்போது அவுட். நேராக முதல் பேஸுக்குத் திரும்பினால் இல்லை.

ரன்னரும் பீல்டரும் மோதிக்கொண்டால் யார் மீது தவறு?

பந்து கையில் இல்லாமலும், அடித்த பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இல்லாமலும் பீல்டர் வழியை மறித்தால் தவறு அவருடையது. மறிக்காமல் இருந்தால் ரன்னர் எந்தப் பேஸை அடைந்திருப்பார் என்று நடுவர் கருதுகிறாரோ அது வழங்கப்படும். அடித்த பந்தைப் பிடிக்க முயலும் பீல்டருக்கு ரன்னர் இடையூறு செய்தால் ரன்னர் அவுட், ஆட்டம் நிறுத்தப்படும். பந்துடன் காத்திருக்கும் பீல்டர் மீது வேகமாக இடித்துச் செல்ல எந்த வயதிலும் அனுமதி இல்லை.

மூன்றாவது அவுட்டுக்கு முன் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ரன் சேருமா?

மூன்றாவது அவுட் எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்தது. பேட்டர் முதல் பேஸை அடையும் முன் அவுட்டானாலும், கட்டாய ஓட்டத்தில் வேறு ரன்னர் அவுட்டானாலும் ரன் சேராது. மற்றபடி, ரன்னர் உடலில் தொடப்பட்டு அவுட்டாகும் முன்பே ஹோம் பிளேட் தொடப்பட்டிருந்தால் ரன் சேரும்.

ஆட்ட நேரமும் வாய்ப்பும்

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை இன்னிங்ஸ்?

பொதுவாக 7. லிட்டில் லீக் மைனர், மேஜர் பிரிவுகளில் 6. இந்தப் பிரிவுகளில் மழையால் ஆட்டம் நின்றால் 4 இன்னிங்ஸ் முடிந்திருந்தாலும், சொந்தக்கள அணி முன்னிலையில் இருந்து மூன்றரை முடிந்திருந்தாலும் அது முழு ஆட்டமாகக் கொள்ளப்படும். மேஜர் பிரிவில் 3 இன்னிங்ஸுக்குப் பின் 15 ரன், 4 இன்னிங்ஸுக்குப் பின் 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் விதியும் உண்டு.

நேரம் முடிந்த பிறகும் புதிய இன்னிங்ஸ் தொடங்கியது ஏன்?

‘குறித்த நேரத்துக்குப் பின் புதிய இன்னிங்ஸ் இல்லை’ என்ற உள்ளூர் விதியில் வரும் குழப்பம் இது. முந்தைய இன்னிங்ஸின் கடைசி அவுட் விழுந்த நொடியிலேயே அடுத்த இன்னிங்ஸ் தொடங்கிவிட்டதாகக் கருதப்படும். அணிகள் இடம் மாறும் நேரம் அதில் அடக்கம். கடைசி அவுட் நேர வரம்புக்கு ஒரு நொடி முன் விழுந்தாலும், அடுத்த இன்னிங்ஸ் ஆடப்பட வேண்டும்.

எல்லாச் சிறுமிகளுக்கும் ஆட வாய்ப்பு கிடைக்குமா?

லிட்டில் லீக் வழக்கமான பருவ ஆட்டங்களில், வந்திருக்கும் ஒவ்வொரு சிறுமியும் குறைந்தது 6 அவுட் விழும் அளவுக்குப் பீல்டிங் செய்யவும் ஒருமுறை பேட் செய்யவும் வேண்டும். பள்ளி, கிளப் போட்டிகளில் இத்தகைய உத்தரவாதம் பொதுவாக இல்லை. கிளப் அணிக்குக் கட்டணம் செலுத்தும் முன் இதைப் பயிற்சியாளரிடம் வெளிப்படையாகக் கேட்டறிவது பின்னர் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

சமநிலையில் முடிந்தால் இரண்டாவது பேஸில் ஆள் நிற்பது ஏன்?

ஆட்டம் நீளாமல் முடிவு காண்பதற்கான ஏற்பாடு இது. கூடுதல் இன்னிங்ஸில் ஒவ்வோர் அணியும் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னருடன் தொடங்கும். அந்த இன்னிங்ஸின் பேட்டிங் வரிசைப்படி கடைசியாக அடிக்க வேண்டியவரே அங்கே நிற்பார். பயிற்சியாளர் விரும்பியவரை நிறுத்த முடியாது.

பாதுகாப்பும் முறையீடும்

தலையில் அடிபட்ட சிறுமி அதே நாளில் மீண்டும் ஆடலாமா?

மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டத்தில் இருந்து விலக்க வேண்டும். 2009இல் வாஷிங்டன் மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றியது. இப்போது 50 மாநிலங்களிலும் இளையோர் விளையாட்டுக்கு இத்தகைய சட்டம் உள்ளது. மருத்துவத் தகுதியுள்ளவரின் அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது என்பதே பொது நடைமுறை. ‘இப்போது நன்றாக இருக்கிறேன்’ என்று சிறுமி சொல்வது போதாது.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா?

உடனே நிறுத்தி, அனைவரும் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கடந்த பிறகே களத்துக்குத் திரும்பலாம். நடுவில் மீண்டும் இடித்தால் 30 நிமிடக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

நடுவர் முடிவை எதிர்த்து முறையிடலாமா?

அவுட்டா இல்லையா, ஸ்டிரைக்கா பாலா என்பவை நடுவரின் கணிப்பு. அவற்றுக்கு முறையீடு இல்லை. விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கருதினால் முறையிடலாம். அதை அடுத்த பந்து எறியப்படும் முன்பே அணியின் மேலாளர் அல்லது பயிற்சியாளர் நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்கு இந்த உரிமை இல்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குச் சென்ற பின் விதிப் புத்தகத்தில் கண்டுபிடித்த தவறுக்குத் தீர்வு கிடைக்காது.

குழப்பத்தைத் தவிர்க்க ஆட்டத்துக்கு முன் என்ன செய்யலாம்?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு ஹோம் பிளேட் அருகே நடுவரும் இரு பயிற்சியாளர்களும் சில நிமிடம் கூடுவது வழக்கம். எந்த அமைப்பின் விதி, நேர வரம்பு எவ்வளவு, மூன்றாவது ஸ்டிரைக்கில் ஓடலாமா, பேஸ் திருடலாமா என்ற நான்கு கேள்விகளையும் அங்கே கேட்டுத் தெளிவு பெறலாம். கிடைத்த பதிலை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள், ஆடப்போகும் சிறுமிகள். மூன்றாவது ஸ்டிரைக்கில் பந்து நழுவியதும் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று அறிந்த சிறுமி, பதிலுக்காக இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள்.